ஒரு மீற்றர் ஆழம்

இந்தக் காலத்துச் சனத்துக்குச் செத்த வீடும் ஒன்றுதான், பிறந்தநாள் வீடும் ஒன்றுதான். காரை எங்கே விடலாம், எத்தனை மணிக்கு முடியும், மத்தியானச் சாப்பாடு இருக்கிறதா என்ற மூன்று கேள்வியையும் வாசலிலேயே கேட்டு முடித்துவிட்டுத்தான் சப்பாத்தைக் கழற்றுகிறார்கள். உள்ளே போய் இரண்டு நிமிடம் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்பார்கள். வெளியே வந்ததும் பாலித்தீவுப் பயணக் கதை. அழத் தெரியாவிட்டால் பரவாயில்லை, சும்மா நிற்கவாவது தெரிய வேண்டாமா?

தவராசா அப்படி நினைத்துக்கொண்டே, கையிலிருந்த மாலையிலிருந்து ஒரு முழ நூலை உருவி, லைட்டரைப் பற்றவைத்து அதன் நுனியைச் சுடரில் காட்டினார். நூல் எரியவில்லை. சுருண்டு, உருகி, கறுத்த மணியாக உருண்டது.

“பாத்தீரோ?” என்றார். “பிளாஸ்ரிக்.”

மாலை கொண்டுவந்த தண்டபாணி திருதிருவென்று விழித்தார். அவர் மூன்று வீடு தள்ளிக் குடியிருக்கும் தமிழ்நாட்டுக்காரர். “கடைக்காரன் காட்டன் நூல்னுதான் அண்ணே சொன்னான்.”

“கடைக்காரன் பிறகென்ன, பிளாஸ்ரிக் எண்டு சொல்லியே விப்பான்?”

காலையிலிருந்து இது நான்காவது மாலை. இரண்டு தேறின, இரண்டு தேறவில்லை. தம்பிக்கு உடுத்தவென்று வாங்கிய வேட்டியையும் இப்படித்தான் பிடித்தார். நூறு வீதம் பருத்தி என்று அட்டை தொங்கியது. கரையிலிருந்து ஒரு நூலை எடுத்துக் கொளுத்தினால் மணி மணியாக உருண்டது. கடைசியில் தன் பெட்டிக்குள் கிடந்த பழைய நாலு முழத்தைக் கொடுத்துத்தான் உடுத்தினார்கள்.

புதைகாட்டுக்காரர் அனுப்பிய கடிதத்தில் அப்படித்தான் போட்டிருந்ததாம். மண்ணில் மக்கி உக்காத எதுவும் உடம்போடு போகக்கூடாது. நைலோன் கூடாது, ஜரிகை கூடாது, உடம்பு கெடாமலிருக்க ஏற்றும் மருந்தும் கூடாது. தம்பி மகள் நிருஜா வாசித்துச் சொன்னாள். அந்தப் புதைகாட்டையே தவராசாவுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் ஒரு வேலையைச் செய்வதென்றால் ஒழுங்காகச் செய்ய வேண்டும்.

உள்ளே, ஹோலின் நடுவில், பொலிஷ் போடாத பைன் பலகைப் பெட்டிக்குள் கிடந்தான் சோதிலிங்கம். அவருடைய ஒரே தம்பி. அறுபத்திரண்டு வயது. கணையத்தில் வந்த புற்று ஐந்து மாதத்தில் ஆளை அரித்துவிட்டது. முந்தாநாள் விடிய, மனைவி ரதிதேவி தேத்தண்ணீர் வைத்துக்கொண்டு வருவதற்குள் போய்விட்டான். அடியில் ஐஸ் பொதிகளை வைத்துக் கிடத்தியிருந்தார்கள். நாலு முழம் அவனுக்குக் கணுக்காலுக்கு மேலே நின்றது.

கடைசி நாட்களைக் கழிக்கும் ஹொஸ்பிஸ் கட்டிலில் இருந்துகொண்டுதான் அவன் இந்தக் குண்டைத் தூக்கிப் போட்டான். “அண்ணை, என்னை எரிக்க வேண்டாம். புதையுங்கோ. நிருஜாட்டைச் சொல்லி எல்லாம் எழுதி வைச்சிட்டன்.”

“உனக்கென்ன விசரே? எங்கட ஆக்களிலை பால்குடிப் பிள்ளையையும் சாமியாரையும்தான் மண்ணுக்குள்ளை தாக்கிறது. நீ ரெண்டிலை எது?”

சோதிலிங்கம் சிரித்தான். சிரிக்கும்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டான். “முப்பது வருசம் மண்ணிலை சம்பளம் வாங்கின ஆள் அண்ணை. எரிச்சா புகையாப் போயிடுவன். புதைச்சா அரை இஞ்ச் மண்ணாவது ஆவன்.”

தவராசா எழுந்து போய் ஜன்னலைத் திறந்துவிட்டு, குளிர்கிறதென்று தாதி வந்து சொல்ல மறுபடி சாத்தினார்.

மண்ணுக்குப் பேர் வைப்பதற்கு ஒரு உத்தியோகம் இருக்கிறதென்று தவராசா நம்பியதே இல்லை. அவர் ஐந்தாம் வகுப்போடு லொறியில் ஏறியவர். தம்பி எல்லர்ஸ்லியில் கண்ணாடிக் கட்டிடத்தில் மேசை போட்டிருந்தான். ஆனால் பாதி நாள் பூட்ஸோடு வெளியே நிற்பான். வெஸ்ட்கேட் பக்கம் புது வீடுகள் கட்டக் காணி வெட்டுமுன்னர் அங்கே போய்க் குழி தோண்டி, மண்ணை உருட்டி, நனைத்து, விரல்களுக்கிடையில் நாடாவாக இழுத்து, ஒரு சின்னத் துண்டைப் பல்லில் கடித்துப் பார்த்து, பெயின்ற் கடை அட்டை மாதிரி ஒரு புத்தகத்தோடு நிறத்தை ஒத்துப் பார்த்து எழுதுவான். மணல், வண்டல், களி. அதற்குள்ளும் ஆயிரம் சாதி. நடு முதுகு பிடிக்கத் தொடங்கிய பிறகு, மண் துளைக்கும் இரும்புத் துறப்பணத்தைத் திருக அண்ணனைக் கூட்டிக்கொண்டு போனான். சுத்திகரிப்பு வேலையிலிருந்து ஓய்வுபெற்று வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த தவராசாவும் போனார். ஆறு வருடம், சனிக்கிழமை சனிக்கிழமையாக.

“ஒரு தேக்கரண்டி மண்ணுக்குள்ளை உலகத்துச் சனத்தொகையை விடக் கூட உசிர் இருக்கு அண்ணை.”

“எண்ணிப் பாத்தனியோ?”

“இந்த ஒரு சாண் கறுப்பு மண் உண்டாக ஆயிரம் வருசத்துக்கு மேலை. கல்லு கரைஞ்சு, எரிமலைச் சாம்பல் விழுந்து, இலை உக்கி, புழு திண்டு கழிச்சு. புல்டோசர்காரன் ஒரு காலமையிலை வழிச்சுக் குவிச்சுப்போட்டு, வீட்டைக் கட்டினாப் பிறகு நாலு விரல் தடிப்பிலை திருப்பிப் பூசிவிடுவான். மழைத்தண்ணி எங்கை போறது? வெள்ளம் எண்டு பிறகு கத்துவினம்.”

“நீ ரிப்போட் எழுதித்தானே அவன் வெட்டுறான்?”

சோதிலிங்கம் அன்று முழுக்கக் கதைக்கவேயில்லை. தவராசாவுக்கு அது இன்றுவரை நெஞ்சில் கிடக்கிறது. தான் கேட்டது பொய்யில்லைத்தான். ஆனாலும்.

பத்தரைக்குக் குருக்கள் வந்தார். வந்தவர் தவராசாவைத் தனியே கூப்பிட்டுத் தாழ்ந்த குரலில் கேட்டார்: “கொள்ளி இல்லையெண்டால், குடம் உடைக்கிறதோ, இல்லையோ? எனக்கு இது பழக்கமில்லை பாருங்கோ.”

“எனக்கு மட்டும் பழக்கமே? நான் எத்தினை தம்பியைத் தாட்டனான்?”

குருக்கள் பின்வாங்கிச் சுண்ணம் இடிக்கும் இடத்துக்குப் போனார். மூத்தவன் இளையவனுக்கு வாய்க்கரிசி போடுவது அவர்கள் வீட்டு வழக்கமில்லை. அதனால் தவராசாவுக்கு அங்கே வேலையும் இருக்கவில்லை. சுவரோடு நின்றார். நிருஜா அரிசி போட்டாள். ரதிதேவி பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தாள்.

“தண்டபாணி,” என்றார் தவராசா, “உம்மடை காரை எடும். நாங்கள் முன்னுக்குப் போவம்.”

“பாடி கிளம்பட்டும் அண்ணே.”

“அவங்கள் குழியை என்ன மாதிரி வெட்டி வைச்சிருக்கிறாங்களோ ஆருக்குத் தெரியும். போய்ப் பாக்க வேணும்.”

பார்க்க வேண்டியதற்கு ஒரு காரணம் இருந்தது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. நேற்றுப் பின்னேரம் புதைகாட்டிலிருந்து தொலைபேசி வந்தது. நிருஜா குளித்துக்கொண்டிருந்தாள். ரதிதேவி, “அத்தான், நீங்கள் ஒருக்காக் கதையுங்கோ,” என்று நீட்டிவிட்டாள். ஒரு பொம்பிளைக் குரல் எல்லாவற்றையும் சரிபார்த்துக்கொண்டே போய், குழி ஒரு மீற்றர் ஆழம் என்றது. தவராசாவுக்குத் திக்கென்றது. ஒரு மீற்றர்! இடுப்பளவு! நாய் கிளறாதா? மழை கழுவிக்கொண்டு போகாதா? இயற்கை, இயற்கை என்று சொல்லி வேலையைச் சுருக்கப் பார்க்கிறார்கள். “நோ, நோ,” என்றார். “டீப். டூ மீற்றர். டோக் கம்.” அந்தக் குரல் ஏதோ விளக்கம் சொல்லத் தொடங்கியது. அவர் விடவில்லை. “ஃபமிலி வோண்ட்.” பிறகு, சரி ஐயா, முடிந்த மட்டும் செய்கிறோம் என்றது.

புதைகாடு நகரத்துக்கு வடக்கே, ஒரு சரிவில் இருந்தது. கல்லறைக் கற்கள் ஒன்றுமில்லை. ஆளுயர மானுக்கா மரக் கன்றுகளும் புல்லும்தான். தெரியாத ஒருவன் போனால் ஆரோ காணியைக் காடாக விட்டிருக்கிறான் என்றுதான் நினைப்பான். சரிவின் அடியில், சின்ன மண்வெட்டும் இயந்திரத்தின் பக்கத்தில், ஒருவன் போத்தலில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். அகன்ற தோள், நரைத்த தாடி. பெயர் ஹோனே என்றான். மாவோரிக்காரன், இந்த நாட்டின் பூர்வகுடி. எழுந்து நின்று, தொப்பியைக் கழற்றி, கை கொடுத்தான். தவராசாவுக்கு அது பிடித்திருந்தது. காலையிலிருந்து எத்தனையோ பேர் வந்தார்கள், ஒருவனும் தொப்பியைக் கழற்றவில்லை.

குழி நேராக, மூலை மட்டமாக வெட்டியிருந்தது. ஒரு ஆள் உள்ளே நின்றால் தலை தெரியாத ஆழம். தவராசா விளிம்பில் குந்தி உள்ளே பார்த்தார்.

மேலே ஒரு சாண் கறுப்பு. வேர் தொங்கியது, ஒரு மண்புழு பாதி வெளியே வந்து தடுமாறியது. அதற்குக் கீழே மஞ்சளும் மண்ணிறமும், இடுப்பளவுக்கு. அதற்குக் கீழே சாம்பல் நிறம். வெறும் சாம்பலில்லை, நீலம் கலந்த சாம்பல். அதற்குள் துருப்பிடித்த ஆணியைத் தேய்த்தது போலச் செம்மஞ்சள் புள்ளிகள். அடியில் உள்ளங்கை ஆழத்துக்குத் தண்ணீர் மினுங்கியது.

அவர் குந்தியபடியே இருந்தார். பிறகு குவியலின் உச்சியில் கிடந்த சாம்பல் களியில் ஒரு துண்டைக் கிள்ளி எடுத்து விரல்களுக்கிடையில் இழுத்தார். நாடா அறாமல் நீண்டுகொண்டே வந்தது. மூக்கில் வைத்தார். அழுகின முட்டை.

வெஸ்ட்கேட்டில் ஒரு சனிக்கிழமை இப்படி ஒரு குழியிலிருந்து தம்பி ஒரு மரக்கொப்பை இழுத்தெடுத்தான். யாரோ ஒரு காலத்தில் பள்ளம் நிரப்பும்போது உள்ளே போனது. அறுபது எழுபது வருடமாவது இருக்கும் என்றான். பட்டைகூட உரியவில்லை. நேற்று வெட்டிப் போட்டது மாதிரி. “பாத்தியளோ அண்ணை? சாம்பலும் துருப் புள்ளியும் கண்டால் அது மூச்சு விடாத மண். தண்ணி நிண்டு காத்துப் போகாது. காத்துப் போகாத இடத்திலை ஒண்டும் உக்காது. ஊறுகாய் மாதிரி அப்பிடியே கிடக்கும். உசிர் எல்லாம் மேலைதான் இருக்கு.”

ஊறுகாய்.

“என்ன அண்ணே, முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு?” என்றார் தண்டபாணி.

“கூடாத குழி.”

“நல்லாத்தானே வெட்டியிருக்காங்க?”

“நல்லா வெட்டித்தான் கிடக்கு. இதுக்குள்ளை வைச்சால் நூறு வருசத்துக்கும் இப்பிடியே கிடப்பான். மண்ணாக மாட்டான். தண்ணிக்குள்ளை கிடப்பான்.”

தண்டபாணி எட்டிப் பார்த்தார். தண்ணீரைக் கண்டதும் ஓரடி பின்னால் வைத்தார். “அய்யய்யோ. நான் ஒண்ணு சொல்லட்டுமா அண்ணே? உங்களுக்குத்தான் இதுல ஆரம்பத்துலேர்ந்தே இஷ்டமில்லையே. இப்படியே காரணம் சொல்லிடலாம். குழியில தண்ணி, இன்னைக்கு முடியாதுன்னு. தகனக் கூடத்துல நமக்குத் தெரிஞ்ச ஒருத்தர் இருக்காரு, போன் போட்டா நாளைக்குக் காலையிலயே நேரம் குடுத்துடுவாங்க. யாரும் உங்களைத் தப்பாப் பேச மாட்டாங்க.”

தவராசா அவரைப் பார்த்தார். சொல்வது சரிதான். ஒரு சொல் போதும். குழியைக் காட்டினால் ரதிதேவி ஒரு நிமிடம்கூடத் தாங்க மாட்டாள். நாளைக்கு முறைப்படி எரித்து, மூன்றாம் நாள் சாம்பலைக் கடலில் கரைத்து, எல்லாம் ஒழுங்காக முடிந்துவிடும். தம்பியின் எழுத்து எழுத்தாகவே கிடக்கும். யார் செய்த பிழை என்று யாரும் கேட்கவும் மாட்டார்கள். குழியைத்தான் சொல்வார்கள்.

காற்று சரிவின் மேலிருந்து அடித்தது. அவர் குளிர்ச்சட்டைப் பொத்தானைக் கழற்றினார்.

“ஹோனே,” என்றார். “நோ குட். ஃபில். ஒன் மீற்றர்.” கையை இடுப்பில் வைத்துக் காட்டினார்.

ஹோனே தாடியைச் சொறிந்தான். தானும் நேற்று அலுவலகத்தில் அதைத்தான் சொன்னதாகவும், ஆனால் குடும்பம் கேட்டதென்று தாளில் எழுதிக் கொடுத்தார்கள் என்றும் சொன்னான். தண்டபாணி தமிழில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ‘ஃபமிலி’ என்ற சொல் தவராசாவுக்கு நன்றாகவே விளங்கியது.

“மீ,” என்றார். “ஃபமிலி மீ.”

ஹோனே அவரை ஒரு கணம் பார்த்தான். சிரிக்கவில்லை. வாளி ஒன்றைக் கயிற்றில் கட்டித் தண்ணீரை இறைக்கத் தொடங்கினான்.

கடைசியாகத் தோண்டியது குவியலில் மேலே கிடந்ததால் சாம்பல் களிதான் முதலில் கைக்கு வந்தது. அது சரி. மேலே இருந்தது மேலே, கீழே இருந்தது கீழே. தம்பி குழியை மூடும்போது அப்படித்தான் மூடுவான். மாறிப் போட்டால் ஒரு தலைமுறைக்கு அங்கே புல்லும் ஒழுங்காக முளைக்காது என்பான். தவராசா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இரண்டாவது மண்வெட்டியை எடுத்தார். தண்டபாணி, “வேணாம் அண்ணே, உங்க வயசுக்கு,” என்றார். பிறகு தன் கோட்டைக் கழற்றிக் காருக்குள் போட்டுவிட்டு வந்தார்.

பாதி நிரப்புவதற்குள் கறுப்பு வாகனம் வந்துவிட்டது. பின்னால் இருபது இருபத்தைந்து கார்கள். பெட்டியை இறக்க நின்றவர்களும் இறங்கியவர்களும் இந்தக் காட்சியைக் கண்டு வாயடைத்து நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் வாய் திறந்துகொண்டது.

“இதென்ன, இன்னும் முடிக்கேல்லையோ?”

“நான் ரெண்டு மணிக்கு வேலைக்குப் போக வேணுமப்பா.”

“உடன்பிறந்தவரே குழி மூடுறார், இதெல்லாம் என்ன முறை?”

தவராசா நிமிரவில்லை. நிருஜா ஓடி வந்தாள். காலில் ரப்பர் பூட்ஸ், மேலே வெள்ளைச் சேலை. “பெரியப்பா! வட் ஆர் யூ டூயிங்? ஏன் மூடுறீங்க? அப்பாவை வைக்க வேண்டாமா?”

“வைக்கத்தான் மூடுறன்.” மண்வெட்டியை ஊன்றினார். மூச்சு வாங்கியது. பின்னால் நின்றவர்களுக்கும் கேட்கும்படியாகத்தான் சொன்னார். “ஆழம் கூடிப்போச்சு. கீழை மூச்சு விடாத மண். தண்ணி நிக்குது. நான்தான் ரெலிபோனிலை ஆழமா வெட்டச் சொன்னனான். உன்னட்டைச் சொல்லேல்லை. என்ரை பிழை.”

ரதிதேவி மகளின் பின்னால் வந்து நின்றாள். நிருஜா குழியையும் குவியலையும் பார்த்தாள். அவள் முகம் கோணியது. அழப்போகிறாள் என்று நினைத்தார். ஆனால் உதட்டைக் கடித்துக்கொண்டு, “அப்பா சொன்னவர்,” என்றாள். “பெரியப்பா கட்டாயம் எதாவது செய்வார், அவர்ல ஒரு கண் வைச்சிரு எண்டு. நான்தான் குளிக்கப் போயிட்டன்.”

ரதிதேவியிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியாத சத்தம். அன்று காலையிலிருந்து அவள் எழுப்பிய முதல் சத்தம் அதுதான். “நீங்கள் செய்யுங்கோ அத்தான்,” என்றாள். “நாங்கள் நிக்கிறம்.”

நாற்பது நிமிடம் நின்றார்கள். ரெண்டு மணி வேலைக்காரர் மட்டும் போய்விட்டார். ஹோனே வேலியோரத்திலிருந்து தள்ளுவண்டியில் உக்கிய இலையும் மரச் சீவலும் கொண்டுவந்து மஞ்சள் மண்ணின் மேல் மெத்தை மாதிரிப் பரப்பினான். தவராசா இறங்கி நின்று பார்த்தார். குழியின் விளிம்பு அவருடைய இடுப்புக்கு வந்தது. ஏறிவரத் தண்டபாணியும் ஹோனேயும் ஆளுக்கொரு கை கொடுத்தார்கள்.

குருக்கள் கடைசியில் தன் பாட்டுக்கு ஒரு முடிவெடுத்துக் குடத்தை உடைத்தார். பெட்டியை நாடாக்களில் தொங்கவிட்டு இறக்கினார்கள். ஆளாளுக்கு மூன்று பிடி மண் போட்டார்கள். சிலர் போட்டுவிட்டுக் கையைத் துடைக்கக் கடதாசி தேடினார்கள். தவராசா பிடி மண் போடவில்லை. கறுப்பு மண்ணைப் பக்கவாட்டில் ஒதுக்கி வைத்து, கடைசியாக மேலே வருகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றார். ஒருவன் அவசரத்தில் மஞ்சள் கட்டி ஒன்றை மேலே போட்டான். “அதை எடு,” என்றார். அவன் எடுத்தான்.

மண் மேடாகி முடிய மூன்று மணியாகிவிட்டது. சரியாக அந்த நேரம் பார்த்து மழை தூறத் தொடங்கியது. குடைகள் விரிந்தன. ஆட்கள் பேச்சோடு பேச்சாகக் கார்களை நோக்கி நகர்ந்தார்கள். ரதிதேவியைத் தண்டபாணி கூட்டிக்கொண்டு போனார்.

நிருஜா மேட்டின் பக்கத்தில் நின்றாள். “ரெண்டு மூணு வருசத்தில எல்லாம் மண்ணாயிடும், பெரியப்பா. இதுக்கு மேல ஒரு மரம் வைப்பாங்க. அப்பா எந்த மரமெண்டும் எழுதி வைச்சிருக்கிறார்.”

“எழுதினது மரத்துக்குத் தெரியுமோ?”

“வாங்கோ. நனையுறீங்க.”

“நீ போ. வாறன்.”

அவள் போனாள். தூறல் தடித்தது. தவராசா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மேட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். மழை கறுப்பு மண்ணில் விழுந்தது. ஒரு சின்னத் துளை, அடுத்தது, அடுத்தது. மேட்டின் காலடியில் ஒரு சிரட்டையளவு பள்ளத்தில் தண்ணீர் சேர்ந்தது. அவர் குனிந்து அதையே பார்த்தார். பள்ளம் நிரம்பியது. கொஞ்சம் நின்றது. பிறகு, மெல்ல, உள்ளே இறங்கியது. மறுபடி சேர்ந்தது. மறுபடி இறங்கியது.

கீழே காரில் ஹோர்ன் அடித்தார்கள்.

“இப்ப குடிக்குது,” என்றார் யாருக்கும் இல்லாமல். “இஞ்சை மாரி வாற ஆடி மாசத்து மழைக்கு என்ன செய்யுமெண்டு ஆருக்குத் தெரியும்?”

வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு, சறுக்காத இடமாகப் பார்த்துக் காலை வைத்து, சரிவில் இறங்கி நடந்தார்.